மாண்டவர் தலைக்கு என்ன விலை?

நோயினால் ஒருவர் இறந்தால் நாட்டுக்கு எத்தனை ரூபாய் நட்டம்? இக்கேள்வி இன்று அறிஞர் அவைகளிலே மிகுந்த மரியாதையுடன் கேட்கப்படுகிறது. இன்ன நோயினால் இத்தனை பேர் மாண்டனர். மாளாதிருந்தால் இத்தனை ஆண்டு உழைத்திருப்பர். இத்தனை ஊதியம் பெற்றிருப்பர். ஆகவே தேசத்தின் உற்பத்தியிலே இத்தனை கோடி குறைந்தது என்று விடையும் கூறப்படுகிறது. ஆட்சியாளரும் வங்கியாளரும் இவ்வாறு பேசுவதிலே வியப்பில்லை. நல்லெண்ணம் உடையோரும், மக்கள் பக்கம் நிற்போருங்கூட, "சுகாதாரத்துக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டுமாயின் இந்தப் பாஷையிலேதான் பேச வேண்டும்" என்று நம்பத் தொடங்கியிருப்பதே நம்மை வருத்துவது. இந்நம்பிக்கை தவறானது, தவறானது மட்டுமன்று, உழைக்கும் மக்களுக்கு ஆபத்தானதுமாகும் என்பதே நமது துணிபு.

2017ஆம் ஆண்டிலே நம் நாட்டிற் பரவிய டெங்குக் காய்ச்சலைக் கொழும்புவாசிகள் எளிதில் மறவார். அவ்வாண்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. நானூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். வேறெந்த மாகாணத்தையும் விட மேல் மாகாணத்திலேயே நோயாளர் தொகை மிகுந்திருந்தது. ஏப்பிரல் மாதத்திலே மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து வீடுகளையும் மனிதரையும் புதைத்தது. அதன்பின் நகரத்துக் குப்பையைக் கொட்ட இடமின்றித் தெருவோரங்களிலே குவியவிட்டனர். மே மாதத்திலே பெருமழை பொழிந்தது. வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே எழுந்துகொண்டிருந்த அடுக்குமாடிகளின் அரைகுறைத் தளங்களில் நீர் தேங்கிற்று. கொட்டாஞ்சேனையிலே வாளியிலும் பீப்பாயிலும் பிடித்து வைத்திருந்த நீரிலும், குப்பையிற் கிடந்த சிரட்டையிலும் நுளம்பு பெருகிற்று. நுளம்பு எவருடைய சம்பளத்தையும் விசாரித்துக் கடிக்கவில்லை. சம்பளத்தை விசாரிப்பவர் இறப்புக்குப் பின்னரே வருகின்றனர்.

அவ்வாண்டிலே நமது வகுப்பில் ஒன்பதாந் தரத்திற் படித்த ஒரு மாணவியின் தாய் இந்நோயால் இறந்தார். மரம் ஒன்றேனும் இல்லாதபோதும் 'தோட்டம்' என்று பெயர் வழங்கும் கொட்டாஞ்சேனைக் குடியிருப்பு ஒன்றிலே அவர்கள் வாழ்ந்தனர். தந்தை புறக்கோட்டையிலே மூட்டை சுமக்கும் நாட்டாமை. தாய் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இடியப்பம் அவித்து அயலிலுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார். பிள்ளைகள் மூவரையும் பாடசாலைக்கு அனுப்புவார். பாரிசவாதத்தினாற் படுத்த படுக்கையாயிருந்த மாமியாரைப் பராமரிப்பார். செத்தவீட்டுக்குப் போவதற்கு முன் விலாசம் பார்க்க வேண்டி வகுப்புப் பதிவேட்டைப் புரட்டினோம். தந்தையின் தொழில்: கூலி. தாயின் தொழில்: இல்லை.

அந்த 'இல்லை' நமது கையெழுத்து. ஆண்டுத் தொடக்கத்திலே நாம் கேட்டபோது, "அம்மா வேலைக்குப் போறதில்லை சேர்" என்று பிள்ளை சொன்னாள். நாமும் அவ்வாறே எழுதினோம்.

ஒரு மாதத்துக்குள் அப்பிள்ளை பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இடியப்பம் அவிக்கவும், தம்பிமாரைக் கவனிக்கவும், கிழவியைப் புரட்டிப் படுக்க வைக்கவும் வீட்டிலே ஆள் வேண்டியிருந்தது. வீடு சென்று இருமுறை பேசினோம். தந்தை மறுத்துப் பேசவில்லை, "ஓம் சேர், அனுப்புறன்" என்றார், அனுப்பவில்லை. அவரைக் குறை கூற நமக்கு வாய் எழவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு அவள் தோற்றவேயில்லை.

இனி, நிபுணருடைய கணக்கை இம்மரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம்.

அவர்கள் மிகுதியாகக் கையாளும் முறைக்கு மனித மூலதன முறை என்று பெயர். இறந்தவர் இன்னும் எத்தனை ஆண்டு தொழில் செய்திருப்பார் என்று முதலிற் காண்பர். ஆண்டொன்றுக்கு அவர் ஈட்டக்கூடிய ஊதியத்தால் அதனைப் பெருக்குவர். பிற்காலத்தில் வரும் பணம் இன்று கையிலுள்ள பணத்துக்கு ஈடாகாது என்று கூறி, ஆண்டுதோறும் ஒரு வீதம், பெரும்பாலும் நூற்றுக்கு மூன்று, கழிப்பர். இந்தக் கழிவினால், இருபதாண்டு சென்று கிடைக்கும் நூறு ரூபாய் இன்று 55 ரூபாயாகின்றது. நாற்பதாண்டு சென்று கிடைப்பது 31 ரூபாயாகின்றது. வளர்ந்து உழைக்கப் பல்லாண்டு செல்லுமாதலால் குழந்தையின் விலை தானாகவே குறைந்துவிடுகின்றது. உழைத்து ஓய்ந்த முதியவருக்கு விலையே இல்லை.

இம்முறைப்படி ஒரே வாரத்தில், ஒரே காய்ச்சலால் இறந்த நால்வரை எண்ணிப் பாருங்கள். வங்கி அதிகாரி ஒருவருக்குக் கோடிக்கணக்கிலே விலை வரும். புறக்கோட்டை நாட்டாமைக்கு அதில் ஒரு சிறு கூறு. 2024ஆம் ஆண்டிலே நாட்கூலி 1,350 ரூபாயென நிர்ணயிக்கப்பட்ட மலையகத் தொழிலாளிக்கும் அவ்வாறே ஒரு சிறு கூறு. அந்தச் சிறு தொகைக்காக எத்தனை ஆண்டு போராட வேண்டியிருந்தது என்பதை நாம் அறிவோம். நான்காமவர், பிள்ளைகளெல்லாம் வெளிநாடு சென்றுவிட, வெள்ளவத்தை மாடிவீட்டிலே பேரப்பிள்ளை ஒன்றை வளர்க்கும் பாட்டி. அவருக்குப் பூச்சியம். நமது மாணவியின் தாய்க்கும், பதிவேடு சான்று பகர, பூச்சியமே.

கூலி குறைவாயிருப்பதற்குக் காரணம் உழைப்புக் குறைவா? கொழுந்து பறிக்கும் பெண் வங்கி அதிகாரியைவிடக் குறைய உழைக்கிறாளென்று எவரும் கூறத் துணியார். அவளுடைய கூலி குறைந்தது, அவளது உழைப்பின் பலன் பிறர் கைக்குப் போனமையாலேயே. உயிரோடிருந்தபோது அவளிடமிருந்து எடுக்கப்பட்டதை, இறந்தபின் அவளது விலையிலிருந்தும் இக்கணக்குக் கழிக்கின்றது. ஒருமுறை சுரண்டப்பட்டவள் இரண்டாம் முறையும் சுரண்டப்படுகிறாள். இம்முறை சுரண்டுவது விஞ்ஞானத்தின் பெயரால்.

இதனைவிடச் 'சரியான' முறை ஒன்றும் உண்டு. 1990களிலே நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகரத்துப் பொருளியலார் அதனை வகுத்தனர். தொழிலாளி ஒருவர் இறந்தால் அவருடைய ஆயுட்கால ஊதியம் முழுவதும் நட்டமாகாது. வேலையற்றோர் பலர் காத்திருக்க, அவருடைய இடத்துக்கு மற்றொருவர் வந்து பழகும் வரையுள்ள சில மாதங்களே நட்டம் என்பது அவர்களது வாதம். மனம் கூசினும் இதிலே ஓர் உண்மையுண்டென்பதை ஒப்பவேண்டும். புறக்கோட்டையிலே ஒரு நாட்டாமை இறந்தால் மறுநாட் காலையிலேயே அவருடைய கைவண்டியை வேறொருவர் இழுக்கிறார். மூட்டை நிற்பதில்லை, முதலாளிக்கு நட்டமில்லை. வேலையற்றோரை மூலதனத்தின் சேமப் பட்டாளம் என்று கார்ல் மார்க்ஸ் கூறியதை மறுக்கும் பொருளியலார், மரணக் கணக்குப் போடும்போது அதனையே ஒப்புக்கொண்டு விடுகின்றனர். வேலையின்மை மிகுந்த நாட்டிலே உயிர் மலிவு என்பதே இக்கணக்கின் முடிவு. அந்த மலிவை யார் உண்டாக்கினார் என்று மட்டும் அது கேட்பதில்லை.

இத்தகைய கணக்கு நேற்றுப் பிறந்ததன்று. பதினேழாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் பெற்றி என்பவர் இதனைத் தொடக்கி வைத்தார். அவர் வைத்தியர், நில அளவையாளர், அரசியற் பொருளாதாரத்தின் தந்தையென மார்க்சே பாராட்டிய கூர்மதியர். ஆங்கிலேயர் ஒருவரின் மதிப்பு ஏறக்குறைய 69 பவுண் என அவர் கணித்தார். கொள்ளைநோயினால் வழமைக்கு மேலாக ஓரிலட்சம் பேர் மாண்டால் நாட்டுக்கு எழுபது இலட்சம் பவுண் நட்டமென்றும், அதனைத் தடுக்க எழுபதாயிரம் பவுண் செலவிடுதல் எவ்வளவு நன்றென்றும் எழுதினார். செலவைப்போல் நட்டம் நூறு மடங்கு. இன்று சுகாதாரத்துக்காகப் பரிந்து பேசும் நல்லோரின் வாதமும் சொல்லுக்குச் சொல் இதுவே.

ஆனால் அதே பெற்றி, குறொம்வெல்லின் படைகள் பாழாக்கிய அயர்லாந்தைப் பற்றி எழுதியபோது அங்கு மாண்டோருக்கு என்ன விலையிட்டார்? ஆங்கிலேயருக்குத் தலைக்கு எழுபது பவுண் என்று சிலர் கணித்திருப்பதை அவரே முதலிற் குறிப்பிடுகிறார். அடுத்த வரியிலே, ஐரிஷ் மக்களை அடிமைச் சந்தை விலைக்கு மதிப்பிட்டால் தலைக்குப் பதினைந்து பவுண் என்கிறார்: ஆண் ஒருவருக்கு இருபத்தைந்து, குழந்தைக்கு ஐந்து. பறிமுதல் செய்யப்பட்ட ஐரிஷ் நிலங்களை அளந்து கொடுத்தவரும் அவரே. நிலத்தை அளந்த கையே உயிரையும் அளந்தது. தராசு ஒன்றுதான், தட்டிலே யாரை வைப்பது என்பதைப் பொறுத்து விலை மாறிற்று.

அது அக்காலத்துக் கொடுமை என்று தள்ளிவிட முடியாது. 1991 டிசெம்பரிலே உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராயிருந்த லோறன்ஸ் சமர்ஸ் என்பவரின் கையொப்பத்துடன் ஒரு குறிப்பு எழுதப்பட்டது. மாசினால் உடல்நலம் கெடுவதன் செலவு, நோயாலும் மரணத்தாலும் இழக்கப்படும் ஊதியத்தைப் பொறுத்தது. ஆதலால் மிகக் குறைந்த கூலியுள்ள நாட்டிலே நச்சுக் கழிவைக் கொட்டுவதே பொருளியல் நியாயம் என்பது அதன் சாரம். பெரும் கண்டனம் எழுந்தபின், அது கேலியாக எழுதப்பட்டதென விளக்கம் கூறப்பட்டது. கேலியாகவே இருக்கட்டும். முற்கோளை ஒப்புக்கொண்டவருக்கு அம்முடிவை மறுக்க வழியில்லை. இழந்த ஊதியமே இழந்த உயிரின் அளவு என்றால், கழிவு ஏழை நாட்டுக்குத்தான் வரவேண்டும். கொட்டாஞ்சேனைக்கு அருகேயுள்ள நமது துறைமுகத்திலே, பிரித்தானியாவிலிருந்து வந்த கழிவுக் கொள்கலன்கள் கிடந்து நாறியது 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2020 முதல் 2022 வரை அவை தொகுதி தொகுதியாகத் திருப்பியனுப்பப்பட்டன. அவற்றை அனுப்பியவர் எந்தக் குறிப்பையும் வாசித்திருக்க மாட்டார். சந்தையே அந்தப் பாடத்தை அவருக்குக் கற்பித்திருந்தது.

இனி நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். இத்தராசு இங்கு நிறுத்த இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, கொளுக்கிப்புழு நோய். வெறுங்காலின் வழியே உடலிற் புகுந்து இரத்தத்தை உறிஞ்சும் இப்புழு, தேயிலை றப்பர்த் தோட்டங்களிலே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை வாட்டிற்று. 1916இலே அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் இங்கு இந்நோய் ஒழிப்பு வேலையைத் தொடங்கிற்று. நோய் நீங்கினால் தொழிலாளி கூடுதலாக வேலை செய்வான் என்பதே துரைமாருக்குக் கூறப்பட்ட நியாயம். துரைமார் கேட்டனர்; தம் கணக்கையும் போட்டனர். மருந்து மலிவு, லயத்துக்கு லயம் மலசலகூடம் கட்டுவது செலவு. மருந்து கொடுக்கப்பட்டது, மலசலகூடத்துக்குத் தயக்கம் காட்டப்பட்டது. மருந்துண்டு தேறியவர் அதே மண்ணிலே நடந்து மீண்டும் புழுவை ஏற்றனர். தொழிலாளியின் உடல்நலம் துரையின் இலாபத்துக்கு வழியென்று வாதித்தால், இலாபம் முடியுமிடத்திலே நலமும் முடிந்துவிடும். இதுவே அந்த அனுபவம் புகட்டும் பாடம்.

இரண்டாவது, மலேரியா. 1934ஆம் ஆண்டு மழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாயின. அக்குட்டைகளிலே நுளம்பு பெருகிற்று. உலக மந்தத்தினால் ஏற்கெனவே அரைவயிறாயிருந்த கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் கிராம மக்களை மலேரியா வாரிக்கொண்டு போயிற்று. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டிலே ஏழு மாதங்களுக்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். குழந்தைகளும் முதியோரும் மெலிந்தோருமே அவர்களிற் பெருந்தொகையினர். அஃதாவது, மனித மூலதன முறைப்படி விலை மிகக் குறைந்தவர்கள். ஒரு மாவட்டத்துக் குழந்தைகளெல்லாம் அழிந்தாலும் கணக்கிலே பெரிய நட்டம் தோன்றாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்நாளிலே சூரிய மல் இயக்கத்து இளைஞர்கள் கொயினாவும் பருப்பும் சுமந்துகொண்டு அக்கிராமங்களுக்குச் சென்றனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க நோயாளரைப் பார்த்தார், என். எம். பெரேரா 'பருப்பு மாத்தயா' என்று பெயரே பெற்றார். அவர்கள் இறந்தோருக்கு விலை கூறவில்லை. பசியும் காய்ச்சலும் ஒன்றன் கையை ஒன்று பிடித்து வருகின்றன என்று கண்டனர். அதற்குப் பொறுப்பாளிகள் யாரென்று கேட்டனர். அக்கேள்வியின் வலிமையோடு 1935 டிசெம்பரிலே இந்நாட்டின் முதல் இடதுசாரிக் கட்சி தோன்றிற்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் டி. டி. ரி. வந்தது. 1946இலே ஆயிரத்துக்கு 20.3 ஆயிருந்த இறப்பு வீதம் 1947இலே 14.3 ஆக வீழ்ந்தது. இவ்வீழ்ச்சியிலே மருந்தின் பங்கு எவ்வளவு, உணவு, வைத்தியசாலை ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று எஸ். ஏ. மீகம முதலிய அறிஞர் வாதாடினர். அது பயனுள்ள வாதம். ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழகத்து றொபின் பாலோ என்பவர் 1968இலே வெளியிட்ட நூலிலே வேறொரு கேள்வியைக் கேட்டார்: இலங்கையிலே மலேரியாவை ஒழித்ததனால் பொருளாதாரத்துக்கு இலாபமா, நட்டமா? அவர் கண்ட விடை: தொடக்க ஆண்டுகளிலே தலைக்குரிய வருமானம் உயரும், பின்னர், சாகாமற் பிழைத்தவராலும் அவருக்குப் பிறந்தவராலும் சனத்தொகை பெருகி, ஒழிக்காதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிடத் தலைக்குரிய வருமானம் குறைந்துவிடும்.

இதன் பொருளை உணர்ந்து பாருங்கள். நம்முடைய தாய் தந்தையர் பிழைத்ததும், நாம் பிறந்ததும் நாட்டின் கணக்கேட்டிலே பற்றெழுதப்பட்ட நட்டம்! பாலோ கொடியவர் என்பது நமது வாதமன்று. அவர் நேர்மையுடன் கணக்குப் போட்டார் என்றே கொள்வோம். கொடுமை அவர் எடுத்த அளவுகோலில் உள்ளது. இதனை மாணவர்க்கு விளக்க ஒரு சிறு கணக்குப் போதும். பத்துப் பேர் கொண்ட ஊரிலே ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் வருமானம். மற்றை ஒன்பதின்மருக்கும் தலைக்கு நூறு. மொத்தம் 1,900, சராசரி 190. காய்ச்சல் வந்து ஏழைகளில் மூவர் மாண்டனர். மொத்தம் 1,600, தலைகள் ஏழு, சராசரி ஏறக்குறைய 229. மூவரைப் புதைத்த ஊர் 'முன்னேறி' விட்டது! கன்று பிறந்தால் தலைக்குரிய வருமானம் கூடும், குழந்தை பிறந்தாற் குறையும் என்று பொருளியலாரிடையே வழங்கும் ஒரு கேலியுண்டு. அது கேலியன்று, சராசரியின் இலக்கணம்.

இவ்வாதம் மாண்டொழியவுமில்லை. 2007இலே அசெமொக்லு, ஜோன்சன் என்னும் இரு அமெரிக்கப் பேராசிரியர், பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு, ஆயுள் நீடித்தமை தலைக்குரிய வருமானத்தை உயர்த்தவில்லை என்று முடிவு கூறினர். வேறு ஆய்வாளர் அதனை மறுத்தனர். 2010இலே ஏட்றியன் லூக்காஸ், இலங்கையிலும் பராகுவேயிலும் மலேரியா நீங்கிய பகுதிகளிலே பெண்களின் கல்வியும் எழுத்தறிவும் உயர்ந்தமையைக் காட்டினார். ஆசிரியராகிய நமக்கு இரண்டாவது முடிவு இனிப்பதுதான். ஆயினும் ஒன்று கேட்கிறோம். முதலாமவர் கூற்றே நாளை மெய்யென நிலைபெற்றால் என்ன செய்வது? மீண்டும் நுளம்பை வளர்ப்பதா? மக்களின் உயிர் ஆய்வேடுகளின் வெற்றி தோல்வியிலே தொங்கிக்கொண்டிருக்கலாகாது.

"இவையெல்லாம் உணர்ச்சிப் பேச்சு. நிதி அமைச்சுக்குக் கண்ணீர் புரியாது, இலக்கந்தான் புரியும். பெற்றி கூறிய எழுபதாயிரத்தையேனும் பெற்றுத் தருவது அந்த இலக்கமல்லவா?" என்று நண்பர் சிலர் கேட்பர். இந்த ஆட்சேபத்தை நாம் இலேசாகக் கருதவில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே வைத்தியசாலைகளில் மருந்தின்றி நோயாளர் வாடியதைக் கண்டவர்கள், எந்த ஆயுதமேனும் கைக்கு வராதா என்று ஏங்குவது இயல்பு. ஆனால் இந்த ஆயுதம் நமது கைக்கு அடங்குவதன்று. அதற்கும் மலேரியாவின் கதையே சான்று.

1963ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் தொகை வெறும் 17. பதினேழு பேருக்காக நாடெங்கும் மருந்து தெளித்து ஊழியரை வைத்திருப்பது இலாபமா? தெளிப்பு நிறுத்தப்பட்டது, விழிப்புத் தளர்ந்தது. 1969இலே நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. ஒரு நோயை வேரறுக்கும் வேலையிலே கடைசி நோயாளரைத் தேடிப் பிடிப்பதே தலைக்கு மிகுந்த செலவு பிடிப்பது. நட்டக் கணக்கோ அப்போதுதான் மிகக் குறைந்து காணப்படும். எவ்விடத்திலே உறுதி வேண்டுமோ, அவ்விடத்திலேதான் இக்கணக்கு 'நிறுத்து' என்கிறது. அதன் பின்னர் பல்லாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. போர் நடந்த காலத்திலும் வடக்கிலும் கிழக்கிலும் தடுப்பு ஊழியர் தம் பணியை விடவில்லை. 2012ஆம் ஆண்டுக்குப் பின் உள்நாட்டிலே தொற்று இல்லையென உறுதியாகி, 2016 செப்டெம்பரிலே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. வருமானத்தில் உயர்ந்த பல நாடுகள் அடையாத நிலை இது.

இலங்கை இதனை எவ்வாறு அடைந்தது? தொழிலாளியின் ஆயுளை ரூபாயிலே பெருக்கிப் பார்த்தன்று. 1931இலே சர்வசன வாக்குரிமை கிடைத்தது; வாக்குடைய ஏழை, வைத்தியசாலையை உரிமையாகக் கேட்டான். வாக்குரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழனுக்கு அந்த வைத்தியசாலை பல்லாண்டு பிந்தியே வந்தது என்பதும் இதற்கு மறுபக்கச் சான்று. உரிமை உள்ள இடத்துக்கு நலம் வந்தது. கூலியாக மட்டும் எண்ணப்பட்ட இடத்துக்கு மருந்துக் குளிசை மட்டும் வந்தது.

ஆகவே கணக்கே வேண்டாமென்று நாம் கூறுகின்றோமா? இல்லை. எண்ணாமல் விட்டால் ஏழையின் சாவு வெளியே தெரியாமலே போய்விடும். நாம் கேட்பது வேறு கணக்கு.

முதலாவது, ரூபாயை விட்டு ஆண்டுகளை எண்ணுக. முப்பத்தெட்டு வயதிலே மாண்ட தாய் இழந்தது ஏறக்குறைய நாற்பதாண்டு வாழ்வு. அவள் இடியப்பம் விற்றவளாயினும் வங்கி அதிகாரியாயினும் நாற்பது நாற்பதுதான். இது நடவாத காரியமன்று. 1993இலே உலக வங்கி தனது அறிக்கையிலே நோய்ச்சுமையை ஆண்டுகளால் அளந்தபோது, இளமைக் காலத்து ஆண்டுக்கு மதிப்பைக் கூட்டியும், குழந்தைக்கும் முதியவருக்கும் குறைத்தும், எதிர்காலத்துக்கு நூற்றுக்கு மூன்று கழித்துமே அளந்தது. பலர் எதிர்த்தனர். 2010ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்விலே அவ்விரு ஏற்பாடுகளும் கைவிடப்பட்டன. தராசு தெய்வம் தந்ததன்று, போராடினால் மாறும்.

இரண்டாவது, ஊதியமில்லா உழைப்பை எண்ணுக. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் இந்நாட்டிலே முதன்முறையாக நேரப் பயன்பாட்டு அளவீட்டை நடத்தியது அந்த 2017ஆம் ஆண்டிலேதான். ஆண்களைவிடப் பெண்கள் பன்மடங்கு நேரத்தை ஊதியமற்ற வீட்டுப் பணியிலும் பராமரிப்பிலும் செலவிடுகின்றனர் என்பதை அது காட்டிற்று. இவ்வுழைப்பு இல்லையேல் நாட்டாமை மறுநாள் மூட்டை தூக்கான். மாணவி பாடசாலைக்கு வராள். பூச்சியமென்று எழுதப்பட்டவளின் மேலே நின்றே மற்றையோருடைய ஊதியமெல்லாம் எழுந்திருக்கிறது.

மூன்றாவது, நட்டத்தை மட்டுமன்றி, அந்நட்டத்தினால் யாருக்கு இலாபம் என்பதையும் எண்ணுக. குப்பையை அகற்றாமல் மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்று? தேங்கிய நீரை இறைக்காமற் கட்டிய மாடியை விற்றவர் ஈட்டியது எவ்வளவு? மலசலகூடம் கட்டாத தோட்டம் பங்குதாரருக்குப் பகிர்ந்தது எவ்வளவு? உற்பத்தி இழப்பு எனும் பெயரிலே தேசம் முழுவதும் சேர்ந்து துக்கம் காப்பதுபோல் எழுதுகின்றனர். தேசம் முழுவதும் இழப்பதில்லை. ஒரு சாரார் இழக்கின்றனர். இழக்கச் செய்தவர் வேறொரு பக்கத்திலே வரவு வைக்கின்றனர்.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! இக்கணக்கை நிபுணர் வந்து போட்டுத் தருவாரெனக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஒழுங்கையிலே, உங்கள் தோட்டத்திலே, உங்கள் லயத்திலே கடந்த ஐந்தாண்டுகளில் எவர் எவர் எந்நோயால் எவ்வயதில் மாண்டனர் என்று எழுதுங்கள். அவர்கள் செய்த வேலையை, கூலியுள்ளதும் இல்லாததும், முழுமையாக எழுதுங்கள். அவ்வீட்டிலே எந்தப் பிள்ளை படிப்பை விட்டது என்று எழுதுங்கள். எந்தக் கான் அடைத்துக் கிடந்தது, எந்தக் குப்பை எத்தனை நாள் கிடந்தது என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலுடன் நகரசபைக்கும் சுகாதார அலுவலகத்துக்கும் கூட்டமாகச் செல்லுங்கள். அங்கு வைத்துக் கேட்க வேண்டியது "எங்களைக் காப்பாற்றினால் உங்களுக்கு இவ்வளவு இலாபம்" என்றன்று, "எங்களைச் சாகவிட நீங்கள் யார்?" என்றே.

நமது பங்குக்கு நாம் செய்தது மிகச் சிறிது. அந்த ஆண்டின் பதிவேட்டிலே 'இல்லை' என்பதை வெட்டிவிட்டு, மாணவியின் தாய் செய்த வேலைகளை அந்தச் சிறு கட்டத்துக்குள் எழுத முயன்றோம். இடம் போதவில்லை, ஓரத்திலும் எழுதினோம். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளிடம் "அம்மா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்பதை விட்டு, "அம்மா எத்தனை மணிக்கு எழும்புவார்? எழும்பி என்ன செய்வார்?" என்று கேட்டு வருகிறோம். இதுவரை ஒரு பிள்ளையேனும் 'இல்லை' என்று பதில் கூறியதில்லை.